குறை சொன்னவர் கையிலேயே தூதரகம்

1960 மே 19ஆம் தேதி இரவு, ஜப்பான் நாடாளுமன்றத்தில் சபாநாயகரை வழிமறித்து உட்கார்ந்திருந்த சோஷலிஸ்ட் எம்.பி.க்களைப் போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். அதன் பிறகு நள்ளிரவில் ஆளுங்கட்சிக்காரர்கள் மட்டும் கூடி, அமெரிக்காவுடனான புதிய பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அடுத்த ஒரு மாதம் டோக்கியோ வீதிகளில் கூட்டம் ஓயவில்லை. ஜூன் 10ஆம் தேதி ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பத்திரிகைச் செயலாளர் ஹேகர்ட்டியை மாணவர்களும் தொழிலாளர்களும் காரோடு மறித்துக்கொள்ள, ஹெலிகாப்டர் கொண்டுவந்துதான் அவரை மீட்க முடிந்தது. ஜூன் 15ஆம் தேதி நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் கன்பா மிச்சிகோ என்ற மாணவி இறந்துபோனார். ஐசன்ஹோவரின் வருகை ரத்தானது. பிரதமர் கிஷி நோபுசுகே பதவி விலகினார்.

வாஷிங்டனில் பலர் இதற்குச் சுலபமான விளக்கம் வைத்திருந்தார்கள்: எல்லாம் கம்யூனிஸ்டுகளின் வேலை. அந்தக் கோடையில் டோக்கியோவுக்கு வந்து பலரோடு பேசிவிட்டுப் போன ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் அப்படி நினைக்கவில்லை. அக்டோபர் மாத ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். அமெரிக்க அதிகாரிகள் ஜப்பானில் ஆளுங்கட்சிக்காரர்களோடும் ஆங்கிலம் பேசும் வியாபாரிகளோடும் மட்டுமே பழகுகிறார்கள். எதிர்க்கட்சி, தொழிற்சங்கம், பல்கலைக்கழகம், மாணவர்கள் என்று மீதிப் பாதி நாட்டோடு பேச்சே இல்லை. பேச்சு அறுந்துபோனதற்கு நம் பக்கமும் பொறுப்பு உண்டு.

நம்மூர் அலுவலகங்களில் ‘இது சரியில்லையே’ என்று முதலில் வாய் திறப்பவர் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிடுவார்கள் அல்லவா, அதேதான் நடந்தது. சில மாதங்களில் கென்னடி ஆட்சிக்கு வந்தார். வெளியுறவுத் துறையில் தூதர்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த செஸ்டர் போல்ஸ் (நேரு காலத்தில் டெல்லியில் தூதராக இருந்த அதே போல்ஸ்) ஜப்பானுக்கு அந்தப் பேராசிரியரின் பெயரை முன்வைத்தார். 1961 ஏப்ரலில் எட்வின் ரைஷாவர், ஹேகர்ட்டி சிக்கிக்கொண்ட அதே ஹனேடாவில், அமெரிக்கத் தூதராக வந்திறங்கி ஜப்பானிய மொழியில் பேசினார்.

பேராசிரியர்களைத் தூதராக்குவது கென்னடியின் அந்த வருடத்துப் பழக்கம். டெல்லிக்குப் போன பொருளாதார அறிஞர் கால்பிரெய்த்தை நமக்குத் தெரியும். பிரேசிலுக்குப் போன லிங்கன் கார்டனும் ஹார்வர்டுதான். 1964இல் அங்கே நடந்த ராணுவப் புரட்சிக்கு அவர் ஆதரவாக நின்ற கதை தனி. நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த ராதாகிருஷ்ணன் 1949இல் மாஸ்கோ போனார். வரலாறு எழுதிய பணிக்கர் சீனா போனார். இவர்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் ரைஷாவர். வேலை நிமித்தம் நான் சில ஆண்டுகள் டோக்கியோவில் இருந்தவன். அங்கே வயதானவர்கள் சிலர் இந்தப் பெயரைச் சொன்ன விதம் எனக்கு வியப்பாக இருந்தது. வேறெந்த வெளிநாட்டுத் தூதரின் பெயரும் அவர்களுக்கு நினைவில் இல்லை. இவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் தூரத்து உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள்.

அதற்குக் காரணம் அவர் பிறந்த இடத்திலேயே தொடங்குகிறது. 1910இல் டோக்கியோவில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அப்பா ஆகஸ்ட் கார்ல் ரைஷாவர் மதம் பரப்ப வந்தவர்தான், ஆனால் பௌத்தத்தை ஆழமாகப் படித்துப் புத்தகம் எழுதும் அளவுக்குப் போய்விட்டார். டோக்கியோவில் இன்றும் இருக்கும் பெண்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மகள் ஃபெலிஷியாவுக்குக் காது கேட்காது என்பதால், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லித்தரும் பள்ளி ஒன்றையும் அந்தக் குடும்பம் தொடங்கி வைத்தது. எட்வின் டோக்கியோவிலேயே அமெரிக்கப் பள்ளியில் படித்து, அமெரிக்காவில் ஓபர்லின் கல்லூரிக்குப் போய், பிறகு ஹார்வர்டு சேர்ந்தார்.

அண்ணன் ராபர்ட்டும் ஜப்பான் அறிஞர்தான், பிரின்ஸ்டனில் ஆசிரியர். 1937 ஆகஸ்டில், மாணவர்களையும் ஆசிரியர்களையும் சுற்றுலா அழைத்துவந்த இடத்தில், ஷாங்காய் நகரில் குண்டு விழுந்து இறந்தார். துறைமுகத்தில் நின்ற ஜப்பானியப் போர்க்கப்பலைக் குறிவைத்துச் சீன விமானங்கள் போட்ட குண்டு, தவறி நகரத்துக்குள் விழுந்தது. எட்வின் அந்த நேரத்தில் ஆசியாவில்தான் இருந்தார். சீனாவுக்குப் போக வழியில்லாமல் கொரியாவில் தங்கியிருந்த காலத்தில், ஜார்ஜ் மக்கூன் என்பவரோடு உட்கார்ந்து, கொரியச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுத ஒரு முறையை உருவாக்கினார். உலக நூலகங்கள் பல பத்தாண்டுகள் அதைத்தான் பின்பற்றின. வழியில் மாட்டிக்கொண்ட ஓர் ஆய்வு மாணவன் நேரத்தை வீணாக்காமல் செய்த வேலை!

அவருடைய முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என்னின் என்ற ஜப்பானியத் துறவி 838இல் சீனாவுக்குப் போய், 847 வரை அங்கே சுற்றி, நாட்குறிப்பு எழுதிவைத்தார். ரைஷாவர் அதை எடுத்துக்கொண்டு 1939இல் பட்டம் வாங்கினார். பிறகும் விடாமல் உழைத்து முழு மொழிபெயர்ப்பை 1955இல்தான் வெளியிட்டார். இந்த என்னின் தனியாகக் கிளம்பியவர் அல்ல. தாங் பேரரசின் அவைக்கு ஜப்பான் அனுப்பிய தூதுக்குழுவோடு ஒட்டிக்கொண்டு போனவர். தூதர்கள் தலைநகருக்குப் போய்க் காணிக்கை செலுத்திவிட்டுத் திரும்பிவிட்டார்கள். என்னினுக்கோ, படிக்க விரும்பிய தியான்தாய் மலைக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. குழுவிலிருந்து நழுவிக் கரையில் தங்கிவிட்டார். ஷான்டோங் கரையோரம் குடியேறியிருந்த கொரியர்கள் அடைக்கலம் கொடுத்து, அதிகாரிகளிடம் பேசிப் பயண அனுமதியும் வாங்கித் தந்தார்கள். நாட்குறிப்பில் பாதி, எந்த அலுவலகத்துக்கு என்ன மனு எழுதினோம், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதுதான். கடைசியில் பேரரசர் வூசொங் பௌத்தத்தின் மேல் பாய்ந்தபோது, துறவு உடையைக் களைந்துவிட்டு நாடு திரும்பும்படி ஆனது.

தூதுக்குழு பார்க்காத சீனாவை அந்தத் துறவி பார்த்தார் என்பதுதான் ரைஷாவருக்கு அந்த நாட்குறிப்பில் பிடித்த விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1960 கட்டுரையில் அவர் அமெரிக்கத் தூதரகத்தின் மேல் வைத்த குறையும் கிட்டத்தட்ட இதேதான்.

சரி, போர்க்காலம். ஜப்பானிய மொழி தெரிந்த அமெரிக்கர்கள் அப்போது மிகக் குறைவு. வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் ஹால் என்ற பெண்கள் கல்லூரியை ராணுவம் எடுத்துக்கொண்டு, ஜப்பானிய ராணுவத்தின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் கூடமாக மாற்றியது. அங்கே வேலை செய்பவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்றுத்தரும் பொறுப்பு ரைஷாவருக்கு. பிறகு ராணுவ உளவுப் பிரிவில் அதிகாரியாகப் போர் முடியும்வரை இருந்தார்.

இந்தக் காலத்தைப் பற்றி ஒரு கட்டுக்கதை உண்டு. கியோட்டோ மேல் அணுகுண்டு விழாமல் தடுத்தது ரைஷாவரின் கண்ணீர்தான் என்று ஒரு புத்தகத்தில் வந்து, அது பரவியும் விட்டது. அவரே தன் நினைவுக் குறிப்பில் அதை மறுத்தார்: அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை, கியோட்டோவைக் காப்பாற்றிய பெருமை அந்த ஊரை முன்பே அறிந்து நேசித்த போர்த்துறைச் செயலாளர் ஸ்டிம்சனுக்கே உரியது என்று. தனக்கு வந்து சேரும் பொய்ப் புகழைத் தானே உடைத்தெறிவது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

ஆனால் அதே போர்க்காலத்தில் அவர் எழுதிய இன்னொன்றும் இருக்கிறது. 1942 செப்டம்பரில், ஜப்பானோடு போர் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், அரசுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். போர் முடிந்த பிறகு சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவை நமக்கு வேண்டிய பொம்மை ஆட்சியாளராகப் பயன்படுத்தலாம் என்கிறது அது. அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்திருந்த ஜப்பானிய அமெரிக்கர்களைப் படையில் சேர்த்துக்கொண்டால், ‘இது வெள்ளையருக்கு எதிரான போர்’ என்று ஆசியாவில் ஜப்பான் செய்யும் பிரச்சாரத்துக்கு நல்ல பதிலாக இருக்கும் என்றும் சொல்கிறது. அந்த மக்களுக்கு நடந்த அநியாயத்தைவிட அவர்களால் ஆகக்கூடிய பயன்தான் அதில் பெரிதாகத் தெரிகிறது. ஆவணக் காப்பகத்திலிருந்து இதைத் தேடி எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் வரலாற்றாசிரியர் ஃபுஜிதானி. போருக்குப் பிறகு ஹிரோஹிட்டோவை அமெரிக்கா பதவியிலேயே விட்டுவைத்தது; நடந்தது அந்தக் குறிப்புக்கு வெகு தூரத்தில் இல்லை. அந்த ஒரு குறிப்பால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாட்டை நேசித்துப் படித்த அறிவு, எவ்வளவு சுலபமாக அந்த நாட்டை நிர்வகிக்கும் கருவியாகிவிடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. அவருக்கு அதில் உறுத்தல் இருந்ததாகவும் தெரியவில்லை.

ரைஷாவரைப் பற்றிப் பேசும்போது ஹெர்பர்ட் நார்மனை விட்டுவிட முடியாது. கனடாக்காரர். 1909இல் ஜப்பானில், கருய்சாவா என்ற மலை ஊரில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். ரைஷாவர் குடும்பம் கோடைக்குப் போகும் ஊரும் அதுதான். இருவரும் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். இருவருமே அரசுப் பணிக்குப் போனார்கள். நார்மன் 1940இல் எழுதிய நூல், மெய்ஜி காலத்து (1868–1912) ஜப்பானின் வளர்ச்சிக்கு அடியில் விவசாயிகள் நசுங்கியதையும் எதேச்சாதிகாரம் வேர்விட்டதையும் காட்டியது. ரைஷாவரின் எழுத்தோ, ஜப்பான் வெற்றிகரமாக நவீனமான நாடு, இடையில் வந்த ராணுவ ஆட்சி ஒரு வழி தவறல் என்ற பக்கம் சாய்ந்தது. 1975இல் நார்மனின் எழுத்துகளைத் தொகுத்த ஜான் டவர், இந்த வேறுபாட்டை வைத்தே ரைஷாவர் வழி வந்த அறிஞர்களைக் கடுமையாகத் தாக்கினார்.

நார்மன் மாணவப் பருவத்தில் கேம்பிரிட்ஜில் கம்யூனிஸ்டாக இருந்தவர். 1950இல் கனடா அரசே அவரை விசாரித்து விடுவித்தது. ஆனாலும் அமெரிக்க செனட்டின் துணைக்குழு விடவில்லை. எகிப்தில் கனடாவின் தூதராக இருந்தபோது, சூயஸ் நெருக்கடியில், ஐ.நா. படையில் கனடா வீரர்களை ஏற்கும்படி நாசரைச் சம்மதிக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த சில மாதங்களில் பழைய குற்றச்சாட்டு மறுபடி கிளம்பியது. 1957 ஏப்ரல் 4ஆம் தேதி கெய்ரோவில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து குதித்து உயிரை விட்டார். வயது 47.

ஒரே மண்ணில், ஒரே மாதிரிக் குடும்பத்தில் பிறந்த இரண்டு பேரில் ஒருவருக்கு அவருடைய படிப்பு தூதரகக் கதவைத் திறந்தது, இன்னொருவருக்கு உயிரை வாங்கியது. அதற்கு அவர்களின் திறமை காரணமில்லை. எந்தப் படிப்பு எந்தக் காலத்தில் ஆட்சியாளர்களுக்குத் தோதாக இருந்தது என்பதுதான் காரணம். ஜப்பானிய இடதுசாரி அறிஞர்கள் ரைஷாவரைச் சந்தேகத்தோடு பார்த்ததும் இதனால்தான். முந்தைய தூதர்கள் முரட்டுத்தனமாகப் பேசினார்கள், இவர் நம்மோடு உட்கார்ந்து, நம் மொழியிலேயே பேசி வளைக்கப் பார்க்கிறார் என்று எழுதினார்கள். அது முழுக்கத் தவறான பார்வையும் இல்லை.

தூதர் வேலையில் அவர் என்ன செய்தார் என்றால், பெரும்பாலும் பேசினார். தொழிற்சங்கத் தலைவர்கள், சோஷலிஸ்டுகள், எழுத்தாளர்கள், கல்லூரிகள், ஊர் ஊராகக் கூட்டங்கள். மனைவி ஹாரு மட்சுகட்டா பத்திரிகையாளர். ஒரு பக்கத் தாத்தா இரண்டு முறை பிரதமராக இருந்தவர். இன்னொரு தாத்தா 1876இலேயே நியூயார்க் போய்ப் பட்டு வியாபாரம் செய்தவர். முதல் மனைவி 1955இல் இறந்த பிறகு, 1956இல் ரைஷாவர் இவரை மணந்தார். ஜப்பானிய மனைவியோடு ஜப்பானுக்கே தூதராக அனுப்பலாமா என்று தயங்கியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். நடந்தது தலைகீழ். பத்திரிகைகளுக்கு அந்தத் தம்பதி பிடித்துப்போயிற்று.

1962 பிப்ரவரியில் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி வாசெடா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அரங்கம் கூச்சலில் மூழ்கியது. கத்திய மாணவர் ஒருவரையே கென்னடி மேடைக்கு அழைத்துப் பேசவிட்டார். நடுவில் மைக் செத்துப்போனது. ரைஷாவர் முன்னால் வந்து ஜப்பானிய மொழியில் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். கடைசியில் மாணவர்கள் கல்லூரிப் பாட்டைப் பாட, கூட்டம் நல்லபடியாகக் கலைந்தது. ஹேகர்ட்டி ஹெலிகாப்டரில் தப்பிப் போய் இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒகினாவாவில் அவருடைய எதிரி அமெரிக்க ராணுவமே. 27 ஆண்டுகள் அமெரிக்காவின் கையில் இருந்த அந்தத் தீவுகளை அப்போது ஆண்டவர் ஜெனரல் பால் கேரவே. ஒகினாவா மக்களுக்குத் தன்னாட்சி என்பதே ஒரு மாயை என்று 1963இல் மேடையிலேயே சொன்ன ஆள். இப்படியே போனால் ஒகினாவா வெடிக்கும், அதோடு ஜப்பான் உறவும் போய்விடும் என்று ரைஷாவர் வாஷிங்டனை விடாமல் நச்சரித்தார். தீவுகள் 1972இல் திரும்பக் கொடுக்கப்பட்டதற்கான விதைகளில் அதுவும் ஒன்று. கதையை இங்கேயே நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிற்காலத்தில் ரகசியம் நீக்கப்பட்ட ஆவணம் ஒன்று இருக்கிறது. 1965 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த கூட்டத்தில், ஒகினாவா சட்டமன்றத் தேர்தலில் அமெரிக்காவுக்கு வேண்டியவர்களை ஜெயிக்க வைக்கப் பணம் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. கொடுப்பதானால் நேராகக் கொடுக்க வேண்டாம், ஜப்பானின் ஆளுங்கட்சி வழியாகக் கொடுத்தால் வெளியே தெரியாது என்று யோசனை சொன்னவர் நம் பேராசிரியர். எதிர்க்கட்சியோடு பேசுங்கள் என்று கட்டுரை எழுதிய அதே மனிதர்.

1964 மார்ச் 24ஆம் தேதி மதியம், தூதரகத்தைவிட்டு வெளியே வந்தவரை 19 வயது இளைஞன் ஒருவன் வலது தொடையில் கத்தியால் குத்தினான். மனநோய் உள்ளவன். ரத்தம் பெருகிய நிலையில் பக்கத்திலேயே இருந்த டோரனோமோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்து, நிறைய ரத்தம் ஏற்றினார்கள். பொதுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சர் பதவி விலகினார். ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குச் செயற்கைக்கோள் வழியே முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு மறுநாள் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டிய அந்த நிகழ்ச்சியில் பிரதமர் இகெடா ஹயாட்டோ அமெரிக்க மக்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. படுக்கையில் இருந்த ரைஷாவரோ, இங்கே பிறந்த எனக்கு இப்போது ஜப்பானிய ரத்தமும் கலந்துவிட்டது என்ற பொருளில் ஏதோ சொல்ல, நாடே அதைக் கேட்டு நெகிழ்ந்தது.

அந்த ரத்தத்தில்தான் வினை இருந்தது. அவருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. அன்றைய ஜப்பானில் நோயாளிகளுக்கு ஏற்றிய ரத்தம் கிட்டத்தட்ட முழுக்கவும் விலைக்கு வாங்கியது. டோக்கியோவின் சான்யா, ஒசாகாவின் கமகசாகி மாதிரியான இடங்களில் தினக்கூலிகள் வேலை கிடைக்காத நாட்களில் ரத்தம் விற்றுச் சாப்பிட்டார்கள். அடிக்கடி விற்றதால் சிவப்பணு குறைந்து நீர்த்துப்போன அந்த ரத்தத்துக்கு ‘மஞ்சள் ரத்தம்’ என்றே பெயர். பரிசோதனைகளும் போதாத காலம். ரத்தம் ஏற்றிக்கொண்ட எத்தனையோ சாதாரண ஜப்பானியர்கள் அதற்கு முன்பே இதே நோயால் அவதிப்பட்டார்கள். மாணவர்கள் ரத்த விற்பனையை எதிர்த்து இயக்கமும் நடத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் அசையாத அரசு, அமெரிக்கத் தூதருக்கு வந்ததும் அசைந்தது. 1964 ஆகஸ்ட் 21ஆம் தேதி, தானமாகப் பெறும் ரத்தத்துக்கு மாறுவது என்று அமைச்சரவை முடிவெடுத்தது. பத்தே ஆண்டுகளில், 1974இல், நோயாளிகளுக்கு ஏற்றும் ரத்தம் முழுக்கத் தானமாகவே கிடைக்கும் நிலை வந்தது. டோக்கியோவில் பெரிய ரயில் நிலையங்களுக்கு வெளியே, ‘இன்று இந்த வகை ரத்தம் குறைவு’ என்று பலகையைப் பிடித்துக்கொண்டு செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஆட்கள் நிற்பதை எப்போதும் பார்க்கலாம். நான் தினமும் கடந்துபோன காட்சி. அதற்குப் பின்னால் இப்படியொரு கத்திக்குத்து இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அது அவ்வளவு பேசப்படுவதில்லை. மனநோயாளிகளை அவிழ்த்துவிட்டிருக்கிறீர்களே என்று பத்திரிகைகள் கத்தின. 1965இல் மனநலச் சட்டம் திருத்தப்பட்டபோது போலீஸ் தகவல் கொடுப்பதும், அவசரமாக அடைத்துவைப்பதும் எளிதாக்கப்பட்டன. மருத்துவமனைக்கு வெளியே வைத்துக் கவனிக்கலாம் என்று மற்ற நாடுகள் நகரத் தொடங்கிய நேரத்தில் ஜப்பான் படுக்கைகளைக் கூட்டிக்கொண்டே போனது. ரைஷாவர் கேட்டு நடந்ததில்லை அது. தாக்கியவன் மேல் அவர் கோபத்தைக் காட்டவும் இல்லை. இருந்தாலும், ஒரே கத்திக்குத்து ரத்தம் விற்றுப் பிழைத்த ஏழையின் நிலையை ஒரு வகையில் மாற்றியது, மனநோயாளியின் நிலையை இன்னொரு வகையில் மாற்றியது.

ஹோனலூலு ராணுவ மருத்துவமனையில் தேறி, மறுபடி டோக்கியோ வந்தார். கடைசி இரண்டு வருடம் வியட்நாம் அவரைத் தின்றது. போர் விரிவடைய விரிவடைய, அவர் கட்டியெழுப்பிய பேச்சுவார்த்தையெல்லாம் ஒரே கேள்வியில் வந்து முட்டியது. 1965 அக்டோபரில் ஒசாகாவில் அவர் நிதானம் இழந்தார். வட வியட்நாமில் தொழுநோய் மருத்துவமனை மேல் அமெரிக்கா குண்டு போட்டதைப் பற்றி எழுதிய மைனிச்சி நாளிதழ் நிருபர் ஓமோரி மினோருவையும் அசாஹி பத்திரிகையையும், செய்தி ஒருதலைப்பட்சம் என்று வெளிப்படையாகச் சாடினார். தூதரே பெயர் சொல்லிக் குறைகூறியது பெரிய விவகாரமானது. சில மாதங்களில் ஓமோரி பத்திரிகையைவிட்டு விலகினார். எல்லோரிடமும் காது கொடுத்துக் கேட்பவர் என்று பெயர் வாங்கியவரிடம் இது நடந்தது எனக்கு இன்றும் கசக்கிறது. 1966இல் பதவியை விட்டு ஹார்வர்டு திரும்பிய பிறகு, வியட்நாம் கொள்கையை அவரே விமர்சித்து எழுதினார், செனட் குழு முன்பும் பேசினார். தூதராக நியாயப்படுத்திய போரைப் பேராசிரியராகக் குறை சொன்னார். சிலர் இதை நேர்மை என்பார்கள், சிலர் வசதி என்பார்கள். நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறேன்.

கடைசியாக ஒரு காலை உணவு. 1963 ஏப்ரல் 4ஆம் தேதி, வெளியுறவு அமைச்சர் ஓஹிரா மசாயோஷியைப் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் தன் வீட்டுக்கு அழைத்தார் ரைஷாவர். அமெரிக்கா ஜப்பானுக்குள் அணு ஆயுதம் கொண்டுவருவதானால் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்பது 1960 ஏற்பாடு. அப்படியானால் அணு ஆயுதம் தாங்கிய கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டுப் போனால்? அது இந்த ஏற்பாட்டில் அடங்காது என்பது அமெரிக்காவின் கணக்கு. அடங்கும் என்றுதான் ஜப்பான் அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. ரைஷாவர் விளக்கினார், ஓஹிரா புரிந்துகொண்டார், எதிர்ப்புச் சொல்லவில்லை. வாஷிங்டனுக்குத் தந்தி போயிற்று. ஜப்பானிய மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஹிரோஷிமா நடந்து 18 வருடம்கூட ஆகியிராத நாட்டில், அந்த மக்கள் நம்பிய தூதரும் அவர்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரும் ஒரு மேசையில் அமர்ந்து முடித்துக்கொண்ட விஷயம் இது.

1981 மே மாதம் மைனிச்சி நாளிதழ் (ஆம், அதே மைனிச்சிதான்) அவரைப் பேட்டி கண்டது. ஓஹிரா பிரதமராகி, முந்தைய ஆண்டு பதவியில் இருந்தபடியே இறந்திருந்தார். ரைஷாவர் ஹார்வர்டிலிருந்து ஓய்வுபெறும் வருடம். அணு ஆயுதக் கப்பல்கள் ஜப்பானியத் துறைமுகங்களுக்கு வந்துபோவது ஜப்பான் அரசுக்குத் தெரிந்தே நடந்தது என்று சொல்லிவிட்டார். நாடு அதிர்ந்தது. அன்றைய சுசுகி ஜென்கோ அரசு அப்படி எதுவும் இல்லை என்றது. அதன் பிறகு வந்த அரசுகளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. பேசியவர் ஒரு பேராசிரியர்தானே, வயதாகிவிட்டது, நினைவு பிசகியிருக்கும் என்ற மாதிரி ஒதுக்கவும் முடிந்தது. 1961இல் அவரை நம்ப வைத்த பேராசிரியர் பட்டம், 1981இல் அவரை ஒதுக்கித் தள்ள உதவியது.

ரைஷாவர் 1990 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் இறந்தார். டோக்கியோவில் ஏற்றிய ரத்தத்தோடு வந்த கல்லீரல் நோய் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை. 2009இல் ஜப்பானில் ஆட்சி மாறியது. புதிய வெளியுறவு அமைச்சர் ஒகடா கட்சுயா, அமைச்சகத்தின் பழைய கோப்புகளைத் தோண்டச் சொன்னார். 2010 மார்ச்சில் அறிஞர் குழு அறிக்கை கொடுத்தது. கப்பல்கள் விஷயத்தில் இரு அரசுகளுக்கும் இடையே வெளியே சொல்லாத புரிதல் இருந்தது உண்மை என்றது அறிக்கை. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்த கிட்டவோகா ஷின்இச்சியும் ஒரு பேராசிரியர். ஐ.நா.வில் ஜப்பானின் தூதராகச் சில காலம் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியவர்.